கொசுறு வயர்

அந்த வீட்டில் ஓர் உயிரின் விலை ஒன்பது மீட்டர் பைப், இரண்டு முக்கு வளைவு, ஒரு சின்ன டப்பா பசை, அரை நாள் சுவர் வெட்டுக்கூலி. வீட்டுக்காரர் அது அதிகம் என்றார். அதனால் அவர் வீட்டுச் சுவருக்குள் ஒரு சிவப்பு வயர் இருபத்தாறு ஆண்டுகள் காலாற நடந்துகொண்டிருந்தது. சுவருக்குக் காது உண்டு என்று எல்லாரும் சொல்வார்கள்; அந்த வீட்டுச் சுவருக்குக் கால் இருந்தது. தெருவில் யாரும் அதைப் பெரிதாகப் பேசிக்கொள்ளவில்லை. யார் வீட்டு மாடி மழைக்கு ஒழுகும், யார் வீட்டுக் குழாயில் காலையில் காற்று மட்டும் வரும் என்பதைப் போல அதுவும் ஒரு தகவல், அவ்வளவுதான்.

வீட்டுக்காரர் பாத்திரக்கடை வைத்திருந்தார். எவர் எந்த விலை சொன்னாலும் முதலில் அதில் பாதியைக் கேட்பார். ஆகவே தெரு அவருக்கு அரைவிலையார் என்று பெயர் வைத்தது. அவருக்கும் அதில் வருத்தமில்லை. இலவசமாக வந்த பெயரை எதற்குத் திருப்பிக் கொடுப்பது என்று விட்டுவிட்டார். பல் டாக்டர் ஒரு பல்லுக்குச் சொன்ன கூலியில் இரண்டு பல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தவர் அவர். இரண்டாவது பல் நல்ல பல். வீடு கட்டியபோது வயரிங் வேலைக்கு வந்தவர், கல்யாண வீட்டுக்குப் போனாலும் சட்டைப்பையில் டெஸ்டரைச் செருகிக்கொண்டு போகிறவர். அதனால் அவர் பெயரே டெஸ்டர். தொழிலில் கறார். சுவருக்குள் போகிற வயர் பைப்புக்குள்தான் போக வேண்டும், பைப் கட்டைவிரல் ஆழத்துக்கு உள்ளே இருக்க வேண்டும், ஆழம் குறைந்த இடத்தில் மேலே இரும்புப் பட்டி வைக்க வேண்டும், போர்டிலிருந்து நேர் மேலே அல்லது நேர் குறுக்கே போக வேண்டுமே தவிர சாய்ந்து போகக் கூடாது. சுவரில் சுவிட்ச் இருக்கும் இடத்தைச் சொன்னால் வயர் இருக்கும் இடத்தைக் கண்ணை மூடிக்கொண்டு காட்ட வேண்டும் என்பது அவர் சட்டம். ஏழு லைனுக்கு எஸ்டிமேட் கொடுத்தார். அரைவிலையார் பாதியில் தொடங்கினார். மூன்று நாள் பேரம் நடந்தது, மூன்றில் இரண்டு பங்குக்குப் படிந்தது.

கை குலுக்கியான பிறகுதான் அரைவிலையார் கேட்டார்: “அந்த மூலைல ஒரு லைட் பாயிண்ட் சேர்த்துப் போட்டுடுப்பா. கொசுறா.” கடைக்காரர் வம்சத்தில் கொசுறு இல்லாமல் முடிகிற பேரம் தலை நனையாத குளியல் மாதிரி. டெஸ்டருக்கு அதற்குமேல் வாதாடத் தெம்பில்லை. பையில் மிஞ்சிக் கிடந்த சிவப்பு வயரை எடுத்தார், ஒன்பது மீட்டர் இருந்தது. போர்டிலிருந்து மூலைக்குக் குறுக்கே சாய்வாக ஒரு கோடு கிழித்து, விரல் நக ஆழத்துக்குச் சுரண்டி, வயரை அப்படியே பதித்தார். பைப் இல்லாத வயரை சிமெண்டே தின்றுவிடும் என்று கடமைக்கு ஒருமுறை சொன்னார். ஓசியாக வந்ததற்குச் சட்டை எதற்கு என்று அரைவிலையார் கேட்க, இருவரும் சிரித்தார்கள். மதியத்துக்குள் பூச்சுக்காரர் மேலே பூசிவிட்டுப் போனார். தவறு யாருடையது என்று பிற்பாடு தெரு இரண்டு கட்சியாகப் பிரிந்து பேசியது. சிரித்தவர்கள் இருவர், ஆகவே ஆளுக்குப் பாதி என்று கடைசியில் முடிவாயிற்று.

குடியேறி நான்கு மாதம் கழித்து வீட்டம்மா கடிகாரம் மாட்ட ஆணி அடித்தார். மூன்றாம் அடியில் ஆணி முனையில் நீலமாக ஒரு பூப் பூத்தது, சுத்தியல் பறந்துபோய்க் கதவில் பட்டது, அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். சுத்தியலின் மரப்பிடி அவரைக் காப்பாற்றியது. அந்த இடம் சாய்கோட்டிலிருந்து இரண்டு முழம் தள்ளி இருந்தது. டெஸ்டர் வந்து ஆணியைச் சுற்றிக் கொத்திப் பார்த்தார், செங்கல்தான் இருந்தது. சாய்கோட்டைக் கொத்தினார், வயர் படுத்திருந்த தடம் இருந்தது, வயர் இல்லை. போர்டைக் கழற்றினார், திருகுக்குள் சிவப்பு முனையைக் காணோம். மூலை விளக்கைக் கழற்றினார், அங்கேயும் காணோம். விளக்கு அவர் கையில் எரிந்துகொண்டிருந்தது. அதைத் திரும்ப அதன் இடத்தில் மாட்டிவிட்டு, கை கழுவி, ஒரு டம்ளர் டீ குடித்து முடித்தபின், வயர் நகர்கிறது என்று சொன்னார். எவ்வளவு என்று அரைவிலையார் கேட்டார். ஒரு நாளைக்கு ஒரு சாண் இருக்கும் என்றார் டெஸ்டர். அன்றைக்கு வந்து போனதற்குக் கூலி வாங்கவில்லை, அரைவிலையாரும் வற்புறுத்தவில்லை.

அதன் நடையைப் பழகிக்கொள்ள வீட்டாருக்கு ஓராண்டு பிடித்தது. அது போகும் இடத்தில் பூச்சு பென்சில் தடிமனுக்கு மேலெழும்பி நிற்கும், தொட்டால் இளஞ்சூடு இருக்கும். மழைக்காலத்தில் அடுப்படிச் சுவரில் வந்து ஒண்டிக்கொள்ளும். புருஷனும் பெண்டாட்டியும் வாய்ச்சண்டை போட்டால் குளியலறைப் பக்கம் போய் இரண்டு நாள் வராது. மூன்றாம் நாளுக்குமேல் தங்குகிற விருந்தாளியின் தலைமாட்டுக்கு வந்து நிற்கும். விருந்தாளிக்கு ஊரில் அவசர வேலை ஞாபகம் வரும். தெருப்பூனை ஒன்று சுவரோரமாக அதனுடனே நகர்ந்து நகர்ந்து தூங்கியது. அரைவிலையாருக்கு இதிலெல்லாம் குறையே இல்லை, ஏனென்றால் அந்த மூலை விளக்கு மெயினை அணைத்தாலும் எரிந்தது, தெரு முழுக்கக் கரண்ட் போனாலும் எரிந்தது, மீட்டரில் ஒரு புள்ளிகூட ஏறவில்லை. சுவிட்சைப் போட்டாலும் அணைத்தாலும் அதற்கு ஒன்றுதான். தெருப் பிள்ளைகள் பரீட்சைக் காலத்தில் அவர் கூடத்தில் வந்து படித்தார்கள். தன் வாழ்நாளில் வாங்கிய கொசுறுகளிலேயே உயர்ந்த கொசுறு இதுதான் என்று கடையில் வருவோர் போவோரிடம் சொல்வார். தானமாக வந்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். மாடு சுவருக்குள் இருந்ததால் அவருக்கு அந்தச் சிரமமும் இல்லை.

சிரமம் மற்றவர்களுக்கு. சுவர் இருந்தால்தான் சித்திரம் என்று ஒரு பேச்சு உண்டு. இங்கே சுவர் இருந்தது, சித்திரத்தை மாட்டத்தான் வழியில்லை. எங்கே அடித்தாலும் நாளைக்கு அங்கே அது வரலாம் என்பதால் அந்த வீட்டில் ஆணி என்ற பொருளே கிடையாது. கண்ணாடி தரையில் சாய்ந்து நின்றது, வீட்டம்மா சப்பணமிட்டு உட்கார்ந்து தலைவாரினார். காலண்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது, மனிதர்கள் நின்றார்கள். கடிகாரம் குட்டை ஸ்டூலில் இருந்தது. அங்கே வளர்ந்த மகன் பள்ளிக்கூடத்தில் மணி என்னவென்று கேட்டால் தரையைப் பார்ப்பான். வாத்தியார் அதைக் கூச்சம் என்று நினைத்து நன்னடத்தைக்கு ஒரு பரிசு கொடுத்தார், அந்தச் சட்டகத்தையும் தரையில்தான் வைத்தார்கள்.

வீட்டம்மாவின் நச்சரிப்புத் தாங்காமல் எட்டாம் ஆண்டில் அரைவிலையார் டெஸ்டரைக் கூப்பிட்டு, அந்த லைனுக்கு உண்டான பணத்தைக் கொடுத்தார், பாதி. டெஸ்டர் வாங்கிக்கொண்டார். மறுநாள் வயர் வழக்கம்போல ஒரு சாண் நடந்தது. மீதிப் பாதியையும் கொடுத்தார். அடுத்த நாளும் ஒரு சாண். அதற்குப் பணத்தில் நாட்டமில்லை என்று தெரிந்தபோது அரைவிலையாருக்கு முதன்முதலாகக் கொஞ்சம் பயம் வந்தது. பணத்துக்கு மசியாத எதனோடும் அவர் அதுவரை ஒரே கூரையின் கீழ் இருந்ததில்லை. பதினைந்தாம் ஆண்டில், எங்கே கரண்ட் கசிந்தாலும் கண்சிமிட்டும் நேரத்தில் அணைந்துவிடும் பிரேக்கர் ஒன்றை டெஸ்டர் கொண்டுவந்து மாட்டினார். ஏழு லைனும் அதற்குக் கட்டுப்பட்டன. சிவப்பு வயர் ஏழில் சேர்த்தியில்லை, ஆகவே அதற்கு அந்தச் சட்டமும் இல்லை.

இருபத்து நான்காம் ஆண்டில் மருமகள் வந்தாள். தையற்காரி. கால்மெஷினும் ஒரு பெட்டி நூலும் துணியில் கோடு போடும் ஒரு டப்பா தையல்சாக்கும் கொண்டுவந்தாள். மூலை விளக்கின் கீழ் மெஷினைப் போட்டுக்கொண்டாள், நூல் கோர்க்க அந்த வெளிச்சம் நன்றாக இருந்தது. வயரைப் பற்றிக் கேட்டதும் அவள் கூச்சல் போடவில்லை. வீட்டில் இருப்பவர் இன்று எங்கே இருக்கிறார் என்று தெரிந்தால் போதும் என்று, காலையில் எழுந்ததும் முதல் வேலையாகச் சுவர்களைத் தடவி, புடைத்திருக்கும் கோட்டின்மேல் சாக்கால் வரைந்து, தலை நிற்கும் இடத்தில் தேதி போட்டாள். ஒரு நாள் நீலம், ஒரு நாள் ரோஸ், ஒரு நாள் மஞ்சள். சில மாதத்தில் அந்த வீட்டுச் சுவர் வெட்டப்போகிற பெரிய துணி மாதிரி ஆகிவிட்டது. சாண் கணக்கில் நடக்கிற ஒன்றை இருபத்து நான்கு வருஷமாக யாரும் குறித்து வைக்கவில்லையே என்று அவள் புருஷனிடம் கேட்டாள். எங்கள் வீட்டில் வரவு செலவைத்தான் குறிப்போம், அது இரண்டிலும் இல்லையே என்றான் அவன்.

ஒரு வருஷக் கோடுகளை நின்று பார்த்தபோது அவளுக்கு ஒன்று புரிந்தது. வயர் கண்டபடி திரியவில்லை. வீட்டில் எங்கெல்லாம் போர்டு இருக்கிறதோ அங்கெல்லாம் போய், மற்ற லைன்களின் பைப் வாய் திறக்கும் இடத்தில் ஒரு முழு நாள் நிற்கிறது. பிறகு அடுத்த போர்டுக்குப் போகிறது. ஏழு வாசலிலும் நின்றுவிட்டு மறுபடி முதல் வாசலுக்கு வருகிறது. மாவு சலித்துக்கொண்டிருந்த மாமியாரிடம் அவள் சொன்னாள்: “அத்தை, அது ஊர் சுத்தலை. வீடு தேடுது.” மாமியார் சல்லடையை நிறுத்திவிட்டு, இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நானும் அதைத்தான் தேடிட்டிருக்கேன் என்று சொல்லிவிட்டு, மறுபடி சலித்தார். இருவரும் சிரித்தாலும் மருமகள் சொன்னது அன்றிலிருந்து வீட்டில் நின்றுவிட்டது.

அவளுக்கு ஏழாம் மாதம் நடந்தபோது ஒரு பிற்பகல், தரையில் உட்கார்ந்து துணி வெட்டிக்கொண்டிருந்தவள் திரும்பும்போது கத்தரி சுவரில் உரசியது. சத்தம் பட்டாணி வெடிப்பதைவிடச் சிறியது. கத்தரியின் முனையில் கடுகளவு இரும்பு காணாமல் போயிருந்தது. பிடியில் அவள் துணி சுற்றி வைத்திருந்தாள், கை விரல் காய்த்துப்போகாமலிருக்கச் சுற்றியது. டெஸ்டர் வந்து பூச்சை விலக்கிப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் மணலோடும் சிமெண்டோடும் உராய்ந்து உராய்ந்து வயரின் சிவப்புத் தோல் ஒரு விரல்கடை நீளத்துக்குத் தேய்ந்து, செம்பு மினுங்கியது. தரையிலிருந்து ஒரு முழ உயரம். வயதானதால் இப்போதெல்லாம் அது கீழே கீழேதான் நடக்கிறது என்பது அவளுடைய சாக்குக் கோடுகளிலும் இருந்தது.

அவள் பெட்டியைக் கட்டிவிட்டுத்தான் மாமனார் முன்னால் வந்து நின்றாள். “மாமா, பிள்ளை தவழற உயரத்துலதான் அது இப்ப நடக்குது. அதுக்கு ஒரு வீடு குடுங்க. குடுத்துட்டு சொல்லி அனுப்புங்க, நான் வரேன். இல்லேன்னா நானும் பிள்ளையும் எங்க அம்மா வீட்டுலயே இருந்துக்கறோம்.”

அரைவிலையாருக்கு வாய் சும்மா இருக்காது. பிறந்து தவழ எட்டு மாதம் ஆகுமே, அதுவரை இங்கேயே இருக்கலாமே என்றார்.

“உங்க ரத்தம் மாமா. ஆறு மாசத்துலயே எதையாவது பிடிச்சு இழுத்துடும்” என்றாள். பிறகு, “இதுல பேரம் இல்லை” என்றும் சொன்னாள். அந்தச் சொல்லை அந்தக் கூடத்தில் முதன்முதலாகச் சொன்னது அவள்தான். அவளைக் கொண்டுபோய் விட்டுவர மகன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் போனான்.

அன்று மாலையே அரைவிலையார் டெஸ்டர் வீட்டுக்குக் கிளம்பினார். போகும் வழியில் மூன்று முறை நின்றார், ஏனென்றால் அந்த வயர் ஒழுங்கான லைனாகிவிட்டால் மீட்டர் அதை எண்ணத் தொடங்கிவிடும், ஓசி வெளிச்சம் போய்விடும், தெருவில் அவர் பேசிய பெருமையும் போய்விடும். பாதி வழியில் திரும்பி, நின்ற கதையை வீட்டில் வந்து சொன்னபோது வீட்டம்மா ஒரே ஒரு வாக்கியம்தான் சொன்னார்: “ஒரு விளக்குக் கரண்டுக்காகப் பேரப்பிள்ளையை அம்மா வீட்டுல அடகு வைக்கப் பாக்கறீங்களா?” மறுநாள் காலை அவர் நிற்காமல் போனார். டெஸ்டர் விலை சொன்னார். அரைவிலையார் முழுசாகச் சரி என்றார். டெஸ்டர், உடம்புக்கு ஒன்றும் இல்லையே முதலாளி என்று விசாரித்தார்.

சுவரைச் சட்டப்படி வெட்டினார்கள். போர்டிலிருந்து நேர் மேலே, கூரைக்கு ஒரு சாண் கீழே நேர் குறுக்கே, பிறகு விளக்கு வரை நேர் கீழே. ஒன்பது மீட்டர். பைப்பைப் பதித்தார்கள், அதன் வாயை அரத்தால் தேய்த்து மழமழவென்று ஆக்கினார்கள், வயரின் தோல் கிழியக் கூடாதல்லவா. இரும்புப் பட்டியை மேலே வைக்க எடுத்து வைத்தார்கள். பிறகு காத்திருந்தார்கள். வயர் சுற்றி வந்து பைப்பின் வாயில் நின்றது, ஒரு நாள் யோசித்தது, தலையை ஒரு சாண் உள்ளே விட்டது, மறுநாள் பின்வாங்கி அடுப்படிக்குப் போய்விட்டது. அடுத்த சுற்றிலும் அப்படியே. வயர் இழுக்கும் ஸ்பிரிங்கைப் பைப் வழியாக விட்டு அதன் தலையைக் கட்டி இழுக்கப் பார்த்தார் டெஸ்டர். வயர் முடிச்சைக் கழற்றி ஸ்பிரிங்கை மட்டும் அவரிடம் திருப்பி அனுப்பியது. ஒரு சுற்றுக்கு இரண்டு மாதம் என்பதால் சுற்றுகளை எண்ணிக்கொண்டிருக்கும்போதே குழந்தை பிறந்துவிட்டது. பெண். அரைவிலையார் போய்ப் பார்த்தார். பேத்தி அவர் ஆள்காட்டி விரலைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. பிடி உறுதியாக இருந்தது. அந்தப் பிடி எதையும் இழுக்கும் என்பது அவருக்கே தெரிந்தது. வீட்டுக்கு வந்து அன்று ராத்திரிச் சாப்பாட்டைப் பாதியில் வைத்துவிட்டார்.

ஞாயிறுதோறும் மகன் போய்வந்து இருபக்கச் செய்தியும் சொல்வான். பேத்திக்கு நாலு மாதம் முடிந்தபோது, பைப் கதையை முழுக்கக் கேட்டுவிட்டு மருமகள் ஒரு கால்சட்டைக்கு நாடா கோர்த்துக்காட்டினாள். ஊக்கை நாடா முனையில் குத்தினாள், துணிக்குள் ஒரு விரல் தள்ளினாள், துணியை ஒரு விரல் சேர்த்துச் சுருக்கினாள், மறுபடி ஒரு விரல். “ஒரேடியா தள்ளினா உள்ளேயே மடிஞ்சுக்கும், இழுத்தா அறுந்துடும். அதுக்கு முன்னாடி ஒம்பது மீட்டர் இருட்டைக் காட்டினா அது ஏன் போகும்? ஒரு நாளைக்கு ஒரு சாண்தானே நடக்குது, ஒரு சாண் பைப் குடுங்க. அந்தப் பக்கம் வெளிச்சம் தெரியணும். மறுநாள் இன்னொரு சாண்.” மகன் அதை வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்து ஒப்பித்தான். டெஸ்டர் கேட்டுவிட்டு, பைப்பில் எத்தனை ஒட்டு இருந்தாலும் குற்றமில்லை, வயரில்தான் ஒட்டு இருக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னார். பதித்த பைப்பை வெளியே எடுத்து, நாற்பத்தொரு துண்டாக அறுத்தார்கள். புதுப் பைப்பை அறுக்கும் ஒவ்வொரு சத்தத்துக்கும் அரைவிலையார் கண்ணை மூடிக்கொண்டார், ஆனால் கையால் பிடித்துக்கொண்டது அவர்தான்.

அதற்குமுன் தேய்ந்த இடத்துக்கு டேப் சுற்ற வேண்டியிருந்தது. மெயினுக்குக் கட்டுப்படாத வயர், ஆகவே உயிரோடேதான் சுற்ற வேண்டும். டெஸ்டர் ரப்பர் கையுறை மாட்டி, மரப்பலகைமேல் நின்றுகொண்டார். அரைவிலையார் டார்ச் பிடித்தார். நகம் வெட்டிக்கொள்ளும் பிள்ளை மாதிரி வயர் அசையாமல் இருந்தது. மூன்று சுற்று, அதன்மேல் இன்னும் மூன்று. 

வயர் போர்டுக்கு வந்த அன்று முதல் துண்டை வைத்தார்கள். அது நின்றது, துண்டின் மறுபக்கம் வெட்டிய சுவரும் வெயிலும் தெரிவதைப் பார்த்தது, நுழைந்தது. மறுநாள் காலை தலை அந்தப் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அரைவிலையார் அடுத்த துண்டைப் பசை தடவிச் சேர்த்தார். கடையை மகனிடம் விட்டார். தினம் ஒரு துண்டு, ஏணியில் ஏறி, தன் கையால். ஏழாம் துண்டின்போது பேத்தி குப்புற விழுந்தாள் என்று சேதி வந்தது. முதல் வளைவைத் தாண்டியபோது அவள் நெஞ்சைத் தரையிலிருந்து தூக்கினாள். முக்கு வளைவைவிடப் பெரிய வளைவாக டெஸ்டர் பைப்பைச் சூடுகாட்டி வளைத்துக் கொடுத்திருந்தார், வயர் முணுமுணுக்காமல் திரும்பியது. இருபத்தைந்தாம் துண்டில் பேத்தி பின்பக்கமாக நகரத் தொடங்கியிருந்தாள். ரிவர்ஸ் கியர்தான் விழுகிறது என்றான் மகன். முன்கியர் விழ எத்தனை நாள் ஆகும் என்று அரைவிலையார் அவனிடமே கடைக்கு வரும் தாய்மார்களையெல்லாம் விசாரித்து வரச் சொன்னார். பத்து நாள் என்றவர்களும் உண்டு, ஒரு மாதம் என்றவர்களும் உண்டு. சராசரி எடுத்துப் பார்த்தார், மனசு கேட்கவில்லை, பத்து நாள் என்றே வைத்துக்கொண்டார்.

முப்பதாம் நாள் ஒரு பெரிய ஓட்டலுக்கு மொத்தச் சரக்கு. மகனுக்கு அந்தப் பேரம் சரிப்படாது என்று அவரே கடைக்குப் போனார், திரும்ப மாலையாகிவிட்டது. பேரம் நன்றாக முடிந்தது, கொசுறு கொடுக்காமலே தப்பித்தார். வீட்டுக்கு வந்து ஏணியில் ஏறினால், வெளியே எட்டிப் பார்த்த வயர் அடுத்த துண்டு இல்லாததால் பக்கவாட்டுப் பூச்சுக்குள் புகுந்து, கீழ்நோக்கிச் சாய்வாக ஒரு சாண் போயிருந்தது. பழைய சாய்வு, அதே கோணம். இழுக்கவும் முடியாது, இப்படியே விட்டால் இருபத்தொன்பது நாள் வேலையையும் கொஞ்சம் கொஞ்சமாக உருவிக்கொண்டு போய்விடும். வீட்டம்மா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தார், அடுத்துப் பேசியதை அவர் மட்டும்தான் கேட்டார். அரைவிலையார் சுவரில் வாயை வைத்து, கடனாளியிடம்கூட அவர் பேசாத குரலில் பேசினார்: “ஓசின்னு நெனைச்சுத்தான் உன்னை அப்படி விட்டுட்டேன். தப்புதான்ப்பா. இனி ஒரு நாள் தவறாது. வா.” பிறகு இறங்கி, கை கால் கழுவிக்கொண்டு, கூடத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார். விடிந்து பார்த்தபோது வயர் பைப்பின் வாய்க்குத் திரும்பியிருந்தது, தலையில் பூச்சுத்தூள் ஒட்டியிருந்தது. அவர் வேட்டி நுனியால் துடைத்துவிட்டு முப்பதாம் துண்டைச் சேர்த்தார்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை பத்து மணிக்கு அதன் தலை விளக்கிடம் வந்தது. அதே நேரத்தில் அதன் வால் போர்டுக்குள் வந்து நின்றது. ஒன்பது மீட்டருக்கு ஒன்பது மீட்டர். டெஸ்டர் இரண்டு திருகையும் இறுக்கினார். பிறகு, இருபத்தாறு வருஷமாக யாரும் தொட்டுப் பயனில்லாத அந்தச் சுவிட்சை அணைத்தார். விளக்கு அணைந்தது. அந்த மூலை எப்படி இருக்கும் என்பதையே மறந்திருந்த வீட்டம்மா, அங்கே இவ்வளவு ஒட்டடையா என்று துடைப்பம் எடுக்கப் போனார். பிரேக்கரின் சோதனைப் பித்தானை டெஸ்டர் அழுத்தினார், வீடு முழுக்க ஒரே நொடியில் அடங்கியது, சிவப்பும் உட்பட. திரும்பப் போட்டபோது மீட்டரில் ஒரு புள்ளி ஏறுவதை அரைவிலையார் கிட்டப் போய்ப் பார்த்தார். அவர் முகத்தில் வலி தெரிந்ததாக டெஸ்டரும், தெரியவில்லை என்று வீட்டம்மாவும் இன்றுவரை சொல்கிறார்கள். இரும்புப் பட்டி வைத்து, பூச்சுக்காரரை அழைத்து மூடினார்கள். மகன் அன்றே சேதியோடு கிளம்பினான்.

மருமகள் வந்ததும் பிள்ளையை மாமியாரிடம் கொடுத்துவிட்டு, சுவர்களைத் தடவிப் பார்த்தாள், அடித்த தையலைப் பிரித்துப் பார்க்கிற கண்ணோடு. நாலு சுவரும் சமமாக, குளிர்ச்சியாக இருந்தன. பிறகு டெஸ்டரை உட்காரவைத்து, எட்டு லைனும் எங்கெங்கே போகின்றன என்று, மூலையிலிருந்து எவ்வளவு, தரையிலிருந்து எவ்வளவு என்று, தன் அளவு நாடாவை வைத்து அளந்து, ஒரு கெட்டித்தாளில் வரையச் சொன்னாள். எட்டாவதை அவளே சிவப்பில் வரைந்தாள். மழைக்காலத்தில் விளக்கு கொஞ்சம் மங்கும். வயர் பைப்புக்குள்ளேயே அடுப்படிப் பக்கமாக ஒரு சாண் ஒதுங்கிக்கொள்கிறது, திருகு இறுக்கமாகத்தான் இருக்கிறது. அதற்கு யாரும் டெஸ்டரைக் கூப்பிடுவதில்லை. பேத்தி அந்த வாரமே முன்கியரில் கிளம்பி, சுவரோரமாகவே தவழ்ந்து கூடத்தை ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். அவள் உட்கார்ந்தபின் அரைவிலையார் அந்தத் தாளை மெயின் பெட்டியின் கதவு உட்புறத்தில் ஒட்டி, கடையில் சரக்கு இருப்பு எழுதும் கையெழுத்தில் அதன் அடியில் எழுதினார்:

உள் இருப்பு: ஆள் ஐந்து. லைன் எட்டு.
வெளியே நிற்பது: ஒன்றுமில்லை.
எண்ணிச் சரிபார்த்தது.